ஒத்துக்காரருக்கு வைக்காத வெத்தலை

கிட்ட வாங்க மக்கா. ஏட்டி சங்கரேஸ்வரி, அந்த விளக்கக் கொஞ்சம் தணி. இது என் சேக்காளி பெருமாள்சாமியோட மச்சினன் அய்யாத்துரைக்கு நடந்தது. அம்பத்திரெண்டாம் வருசம். ரெண்டு பங்கு கூட்டித்தான் சொல்லுவேன். மிச்சம் நெசம்.

உச்சி வெயில். மணி பன்னெண்டரை இருக்கும். புளியங்குடியில இருந்து சங்கரன்கோயிலுக்கு வாற ரோடு… ஒரு காக்கா கிடையாது. அய்யாத்துரை சைக்கிள்ல வாரான். வாயெல்லாம் பல்லு.

பின்ன? வெள்ளத்துரை நாயனமும் முத்துக்குமாரசாமி தவிலும் மறுபடி சேரப்போகுது. அந்த மேளத்தைப் பெரிய கோயில்ல ஒருத்தனும் கூப்பிட்டதில்ல. இவனுக்கு அதுதான் உசுரு. எவனோ ஒருத்தன் கல்யாண நோட்டீஸ்ல யார் பேரு முதல்லன்னு ரெண்டு பேருக்கும் சண்டை, செட்டு ஒடைஞ்சிட்டு. "அவுக சேந்து வாசிச்சாத்தான் தாலி கட்டுவேன்"னு இவன் உக்காந்துட்டான். பொண்ணு பிரம்மநாயகி எட்டு வருசம் காத்துக் கிடந்தா. சரி, நாலு வருசம். எட்டுன்னா கேக்க நல்லாருக்கு.

அன்னைக்குத்தான் ரெண்டு வீட்டுலயும் வெத்தலை பாக்கு வச்சு, சம்மதம் வாங்கிட்டு வாரான்.

அப்பம் பின்னால ஒரு சத்தம்… பீஈஈஈன்னு. பாட்டு கிடையாது, ஒரே சுரம். நாயனத்துக்குப் பக்கத்துல நின்னு ஒருத்தர் விடாம ஊதுவாருல்லா, ஒத்து… அது. திரும்பிப் பாத்தான். வெறும் ரோடு. தேங்காயெண்ணெயும் வேர்வையும் கலந்து ஒரு வாடை. சைக்கிள நிறுத்தினான். இவனுக்கு மூச்சு வாங்குது… அது மூச்சே வாங்கல. ஊருக்குள்ள நுழைஞ்ச பெறவுதான் ஓஞ்சுது.

கல்யாணத்தன்னைக்கு முத்துக்குமாரசாமி கேட்டாரு: "ஒத்து எங்கவே?"

"அது எதுக்கு அண்ணாச்சி, சுருதிப்பெட்டி எடுத்தாந்திருக்கேன்"னான் அய்யாத்துரை.

வாசிச்சாக பாரு… பந்தக்கால் துளிர்த்துட்டுன்னு சொல்லுவேன், நம்பாதீங்க. கெட்டிமேளம். தாலி ஏறிட்டு. நாயனத்தைக் கீழ வச்சாச்சு. தவிலும் ஓஞ்சாச்சு. சுருதிப்பெட்டிய மூடியாச்சு.

சத்தம் மட்டும் நிக்கல. பீஈஈஈ…

பந்தியில பாதி ஆளு கையைக் கழுவாம எந்திரிச்சிட்டான். வெள்ளத்துரை முகம் வெளுத்துப்போச்சு.

"ஏலே அய்யாத்துரை, கோமதிநாயகத்துக்கு வெத்தலை வச்சியா?"

"அது யாரு?"

"நம்ம ஒத்துக்காரம்லே. இருவது வருசம் எம் பக்கத்துல நின்னவன். செட்டு ஒடைஞ்ச பெறவு நானும் எட்டிப் பாக்கல."

அந்தச் செட்டுல யாருக்கு எந்த விரல்ல தழும்புன்னு சொல்லுவான் அய்யாத்துரை. இந்தப் பேரு மட்டும் தெரியாது.

கழுத்துல மாலையோட, கையில வெத்தலைத் தட்டோட ஓடினான். வெள்ளத்துரையும் கூட. சத்தமும் கூடவே வருது. ஊருக்குத் தெக்க, கடைசி வீடு. ஒத்துக்காரர் பொண்டாட்டி மாரித்தாய் கதவத் திறந்தா.

"அவுக செத்துப்போயி ஆறு மாசம் ஆச்சே. செட்டு சேரும், கூப்பிட ஆள் வரும்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தாக."

அய்யாத்துரை தட்டை வாசப்படியில வச்சான். சத்தம் பொசுக்குன்னு நின்னுட்டு.

உத்தரத்துல துணி சுத்திக் கட்டியிருந்த ஒத்துக்குழலை இறக்கிக் கொடுத்தா மாரித்தாய். முடிச்சு மேல ஆறு மாச ஒட்டடை. ஊதுற முனையில செருகுற நாணல் சீவாளி காஞ்சுட்டா ஒத்து ஊதாது, வாயில வச்சு ஊற வைக்கணும்.

வெள்ளத்துரை முடிச்ச அவுத்தாரு…

சீவாளி நனைஞ்சிருந்துது. தொட்டுப் பாத்தாரு. எச்சில் சூடு இன்னும் ஆறல.