வணக்கம் சொல்லாத வாத்தியார்கள்

எங்கள் வீட்டு டிவியில் விளம்பரமே வராது, டாக்டர். என் தம்பி ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். இணையத்தில் இருக்கும் வீடியோக்களை அதில் பார்க்கலாம், வரிசைப்படுத்தலாம், நமக்குப் பிடித்த பெயர் வைக்கலாம், வேண்டாததை மறைக்கலாம். எல்லாம் இலவசம். "நாம என்ன பாக்கறோம்னு ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்கக்கா" என்றான். அது ஏனோ என் மனதில் தங்கிவிட்டது.

காலையில் நீங்கள் என் கணவரின் இடது காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "இத்தனை மாசமா என்ன பயிற்சிதான் செஞ்சீங்க?" என்று கேட்டீர்கள். அவர் முன்னால் நான் வாய் திறக்கவில்லை. சாப்பிட்டுத் தூங்குகிறார். இப்போது சொல்கிறேன்.

அவர் லாரி ஓட்டியவர் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவரைவிட அவருடைய அழுக்குத் துணிகளோடுதான் பழக்கம் அதிகம். என் சமையலை அவர் குறை சொன்னதே இல்லை; சொல்ல வீட்டில் இருந்தால்தானே. பிறகு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கைகால் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரமே, "உப்பு கம்மி" என்றார். நான் சமையலறைக்குள் போய்ச் சந்தோஷத்தில் அழுதேன்.

வீடியோ பார்த்துப் பயிற்சி செய்யச் சொன்னது நீங்கள்தான். முதலில் படுத்தபடி, பிறகு நின்று, கடைசியில் நடை. முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு தேறுகிறாரோ அவ்வளவுதான் என்றும் சொன்னீர்கள். நான் கவனமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

படுத்துச் செய்யும் பயிற்சியை எத்தனையோ பேர் சொல்லித் தருகிறார்கள். ஒரு தாடிக்காரர், கண்ணாடி போட்ட ஒரு அம்மா, மூக்கால் பேசும் ஒருவர். ஒவ்வொருவரின் முதல் பாடத்தையும் எடுத்து, பாடம் இரண்டு, பாடம் ஐந்து, பாடம் ஒன்பது என்று நானே பெயர் வைத்தேன். எல்லோரும் "வணக்கம், இது முதல் பாடம்" என்றுதான் தொடங்குவார்கள். தொடக்கத்தைத் தாண்டி ஓடவிடும் வசதியும் அந்தச் செயலியில் உண்டு.

"என்னடி இது, இந்த வாத்தியாருங்க ஒருத்தருக்கும் வணக்கம் சொல்லத் தெரியாதா?" என்று ஒருநாள் சிரித்தார். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நானும் சிரித்து வைத்தேன்.

பாடம் ஏற ஏற அவருக்குப் பெருமை. கூட ஓட்டிய டிரைவரை ஃபோனில் கூப்பிட்டு, "ஒன்பதாவது பாடத்துக்கு வந்துட்டேன், என் வண்டிய எவன்கிட்டயும் குடுத்துடாத" என்பார். இந்த வாரம் போகட்டும், அடுத்த வாரம் சரியான பாடத்தைப் போட்டுவிடலாம் என்று நினைப்பேன். நினைத்தது பொய்யில்லை. அடுத்த வாரமும் அதையேதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்க்கட்டுமா என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், நன்றாகத் தேறி வருகிறார் என்று ஃபோனிலேயே முடித்துவிட்டேன்.

ஒரு மதியம் கடைக்குப் போய்த் திரும்பினேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், இரண்டு காலையும் ஊன்றி. உடம்பு நடுங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு. கீழே தெருவில் யாரோ லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, நின்னுட்டேன்."

பையைக் கீழே வைத்தேன். "பாடத்துல நிக்கறதே இன்னும் வரலையே. விழுந்து எலும்ப உடைச்சுக்கிட்டா ஆயுசுக்கும் படுக்கைதான். உக்காருங்க மொதல்ல."

உட்கார்ந்தார். போலீஸ்காரரையே எதிர்த்துப் பேசும் மனுஷன், நான் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். "நீ சொன்னா சரிதான்" என்றார். நீங்கள் சொன்ன ஆறு மாதத்தில் அப்போது பாதிகூட முடியவில்லை. நிற்க முயன்றாரா என்று அந்த வாரம் ஃபோனில் கேட்டீர்கள். இல்லை என்றேன்.

அவர் நின்றார், டாக்டர். உட்கார வைத்தது நான்.

காலையில் "இனிமே நடக்கறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் படியிறங்கியதும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கட்டிலருகே போய் நின்று அழுதேன். அவர் என்னைத் தேற்றுகிறார். "அழாதடி. நீ என்ன பண்ணுவ? ஒரு பாடம் விடாம போட்டுக் காட்டினியே" என்கிறார். அதைக் கேட்ட நிமிஷமே என் உயிர் போயிருக்க வேண்டும். போகவில்லை. மதியத்துக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டேன்.

நான் செய்தது பாவம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் எதையும் அழிக்கவில்லை. நிற்பது, நடப்பது, படியிறங்குவது எல்லாவற்றையும் தனி வரிசையில் ஒழுங்காகச் சேர்த்து, 'அப்புறம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். புதிதாக ஏதாவது வந்தால் இன்றைக்கும் அதில் சேர்க்கிறேன். அவர் காலில் கொஞ்சம் பலம் வரட்டும், நானே போட்டுக் காட்டுவேன்.