தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு

எனக்குத் தும்மல் வந்தால் ஒன்றோடு நிற்காது, குடும்பத்தோடுதான் வரும். இந்த விசாரணைக்கே அதுதான் காரணம் என்பதால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். செயலாளர் ஐயா, அந்த ஜன்னலை மட்டும் சாத்தச் சொல்லுங்கள், தூசி வருகிறது.

நம் பாடற்குழுவை நான் எப்படி நடத்துகிறேன் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். மரச்சாமான் கடைக்கு மேலே இருக்கும் இதே அறையில், இதே பிளாஸ்டிக் நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு, முதல் நாளே சொன்னேன்: குரலைப் பிடித்து வைக்காதீர்கள். தாடையை விடுங்கள், தோளை விடுங்கள், அது தன்பாட்டுக்குப் போகும். எந்தக் குரலையும் நான் அதட்டியதில்லை. பஸ் ஓட்டுநர் கீழ்க்குரலில் தூங்கி வழிவார், விட்டுவிடுவேன். தையல்காரம்மா உச்சத்துக்கு ஏறிவிட்டு இறங்க வழி தெரியாமல் நிற்பார், காத்திருப்பேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று. எல்லோரும் என் கையைப் பார்க்க வேண்டும்.

அண்ணியை இங்கே கூட்டி வந்ததே நான்தான். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் மைக்கில் சொன்னால், ஊருக்குப் போகாதவர்களுக்கும் ஏறிவிடலாமா என்று தோன்றும். முன்வரிசையில் நிறுத்தினேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் தும்மல் வந்தது. இரண்டாவது சரணம் தொடங்கும் இடம். கையைக் கீழே போட்டுவிட்டுக் கைக்குட்டையைத் தேடினேன். பாட்டு நின்றிருக்க வேண்டும், ஐயா. நிற்கவில்லை. அண்ணி மூச்சை இழுத்தார். அத்தனை பேரும் கூடவே இழுத்தார்கள். சரணம் ஒரே வாயிலிருந்து வருவது போல எழுந்தது. நான் மூக்கைத் துடைத்து நிமிர்வதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. அதற்கு முன் எப்போதும் அது அவ்வளவு நன்றாக முடிந்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. பசி என்று நினைத்துக் கீழே போய் இரண்டு பன் வாங்கிச் சாப்பிட்டேன். அடங்கவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. ஒருவர் மூச்சு விட்டால்தான் மற்றவர்களும் விடுவது சுதந்திரமா? இவர்களை யாராவது விடுவிக்க வேண்டாமா?

மழைக்காலத்தில் அண்ணிக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியது. குரல் விஷயத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வாயைத் திறந்து காட்டினார். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். டார்ச்சை அணைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டேன்.

"என்ன தம்பி, உள்ள ஏதாச்சும் இருக்கா?"

"நான் என்ன டாக்டரா அண்ணி? கொஞ்ச நாளைக்குப் பேசாதீங்க. முணுமுணுக்கக்கூட வேண்டாம். டாக்டர்கிட்ட போனா உடனே கத்தியத்தான் எடுப்பாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

சளி போன பிறகு மறுபடி டார்ச் அடித்தேன், மறுபடி பெருமூச்சு விட்டேன். பெருமூச்சு விடுவது எந்த ஊரிலும் குற்றமில்லை. வாயைத் திறக்காத அறிவிப்பாளரை நிலையத்தில் எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்? வேலை போயிற்று. அன்று அண்ணி அழுதார், ஆனால் தொண்டைக்கு ஆகாது என்று சத்தமில்லாமல் அழுதார். அப்படி ஒரு ஒழுக்கத்தை நான் எந்தப் பாடகரிடமும் பார்த்ததில்லை. வீட்டில் ஆளைக் கூப்பிட ஒரு கைதட்டு என்றால் அண்ணன், இரண்டு என்றால் மகள். முன்பெல்லாம் அம்மா கதை சொல்லி மகள் தூங்குவாள். இப்போது மகள் கதை சொல்ல, அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, அம்மா எப்போ பேசுவாங்க?"

"குரல் நல்லா ஊறிட்டு இருக்கு கண்ணு. தொந்தரவு பண்ணக் கூடாது."

அப்போது மட்டும் எனக்கு மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. மறுநாள் பயிற்சி இருந்ததால் மறந்துவிட்டேன்.

அண்ணியைக் குழுவிலிருந்து நான் நீக்கவில்லை. கேட்பதும் பாடுவதுதான் என்று சொல்லி, முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆனால் சரணம் வரும்போது மூச்சு இழுத்தார். உடனே நீங்கள் எல்லோரும் இழுத்தீர்கள். நாற்காலியைக் கடைசியில் கொண்டுபோய்ப் போட்டேன். தலையைத் திருப்பிப் பார்த்தீர்கள்.

போட்டியன்று அவரைப் பார்வையாளர்களோடு உட்காரச் சொன்னேன். முதல் பரிசு வாங்கினோம். என் கைக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து, வீட்டில் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் என் இடது தோளுக்கு மேலே போயிருந்தது. எனக்குப் பின்னால் அந்தப் பக்கம்தான் அண்ணி உட்கார்ந்திருந்தார். நான் கொசு ஓட்டியிருந்தாலும் அதே பரிசு கிடைத்திருக்கும்.

அதனால், கூட்டமும் தூசியும் ஆகாது, வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்றேன். அங்கேதான் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டாக்டரிடம் கூட்டிப் போனான். தொண்டையில் எந்தக் காலத்திலும் எதுவும் இல்லை என்றாராம் டாக்டர். இருக்கிறது என்று நானும் எந்தக் காலத்திலும் சொல்லவில்லை.

நேற்று அண்ணி இந்தப் படியேறி வந்தபோது நீங்கள் எல்லோரும் இங்கேதான் நின்றீர்கள். நேராக என் முன்னால் வந்தார். இத்தனை மாதம் கழித்துப் பேசப் போகிறார், என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"தம்பி, உங்க கை எப்பவுமே கொஞ்சம் லேட்டு."

அவ்வளவுதான் சொன்னார். அவரோடு சேர்ந்து நீங்கள் எல்லோரும் மூச்சு விட்டீர்கள், அதையும் கவனித்தேன்.

செய்தது நான்தான், ஐயா. நோயில்லாத தொண்டையை வேண்டுமென்றே மூடி வைத்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களும்தான் கேட்டீர்கள், அந்தக் குரலில் ஒரு பிசிறு இருந்ததா? நல்ல ஓய்வு இல்லாமல் அப்படி ஒரு தெளிவு வருமா? எனக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றவில்லை.