மறைத்த முகமும் மாலையிட்ட முகமும்

விழாவுக்குத் தலைமை ஏற்று, இருந்த ஒரே மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்டு, வியர்வையோடு வீற்றிருக்கும் பெரியவர் பாலகோபால் ஐயா அவர்களே! அழைப்பிதழில் என் பெயரை ஆள் உயரத்துக்குப் போட்டு என்னை அச்சுறுத்திய அன்னூர் வட்டாரத் தாய்மார் நலக் கழகத்தின் செயலாளர் அம்மா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மேன்மக்களே! கறவையைக் கட்டி, கறந்த பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் இங்கே ஓடி வந்திருக்கும் கருணை மிகுந்த தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தம்பிமார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் கிணத்துக்கடவு மறுவாசல் இல்லத்திலிருந்து வந்திருக்கும் தேஜஸ்ரீயின் தலை தாழ்ந்த வணக்கம்!

ஐயா என்னை அறிமுகப்படுத்தும்போது "நிதி திரட்டும் ஒருங்கிணைப்பாளர்" என்றார். அந்தப் பட்டத்தைக் கேட்டதும் முன்வரிசையில் ஓர் அண்ணன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பயப்படாதீங்கண்ணா, இன்னைக்கு நான் அதுக்கு வரலீங்க! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என்னைக் கண்டால் சொந்தக்காரர்கள் கல்யாண மண்டபத்திலேயே இடம் மாறி உட்காருகிறார்கள். என் எண்ணைப் பார்த்ததும் எடுக்காத கைப்பேசிகள் கோயம்புத்தூரில் எத்தனை, திருப்பூரில் எத்தனை, ஈரோட்டில் எத்தனை! ஆனாலும் கேட்பேன். கேட்பது என் கடமை, கெஞ்சுவது என் பெருமை, கிடைத்ததைக் கொண்டுபோய் உலையில் போடுவது என் உத்தியோகம்.

எதற்காகக் கேட்கிறேன்? மனம் கலைந்து, ஊர் மறந்து, பெயர் மறந்து, பேருந்து நிலையத்திலும் பெருஞ்சாலை ஓரத்திலும் திரிகிறார்களே, அவர்களை அழைத்து வந்து குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சோறு போடும் வீடுதான் மறுவாசல். தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிறது. அங்கே மதியச் சோறு எப்படி வருகிறது தெரியுமா? இறந்தவர்கள் போடுகிறார்கள். ஆம் தாய்மார்களே, இறந்தவர்கள்தான் போடுகிறார்கள்! உங்கள் அப்பாவின் நினைவு நாளா? அவர் பெயரில் ஒரு நாள் சாப்பாடு. மாமியாரின் நினைவு நாளா? அவர் பெயரில் ஒரு நாள் சாப்பாடு. படத்தை அனுப்பிவிடுவீர்கள். மாலை போட்டு, விளக்கேற்றி, அவருக்குப் பிடித்ததைச் சமைத்து முதல் இலையைப் படத்துக்கு முன்னால் படைத்து, காக்கைக்கு வைத்துவிட்டுத்தான், பிள்ளைகள் என்று நாங்கள் அழைக்கும் எங்கள் இல்லத்தவர்கள் சாப்பிடுவார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. மாதந்தோறும் நன்கொடையாளர்களுக்கு எங்கள் இல்லத்துப் படங்களை அனுப்புவோம். அதில் எங்கள் பிள்ளைகளின் முகத்தை மட்டும் மங்கலாக்கிவிடுவோம். அவர்கள் மானம் காக்கவேண்டும் அல்லவா? நல்ல நோக்கம்தான், நல்ல வழக்கம்தான். ஆனால் பாருங்கள், இருப்பவர்களின் முகத்தை மறைக்கிறோம், இறந்தவர்களின் முகத்துக்கு மாலை போடுகிறோம். இந்த வழக்கத்துக்குள் என்ன ஒளிந்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சூலூரில் திருமூர்த்தி என்றொருவர். விசைத்தறி வைத்திருக்கிறார். ஒருமுறை நானாகத்தான் அழைத்தேன். அம்மா காலமாகிவிட்டார் என்றார். அம்மா பெயரில் ஒரு நாள் சாப்பாடு போடலாமே என்றேன். உடனே சம்மதித்தார். படமும் வந்தது. தலைநிறையப் பூ, காதில் கனத்த தோடு, அகன்ற நெற்றி. சுப்பாத்தாள். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். "அரிசிம்பருப்புச் சோறுங்க, ஒப்புட்டுங்க. ஒப்புட்டுன்னா உசுருங்க எங்கம்மாவுக்கு" என்றார். அரிசிம்பருப்புச் சோறும் ஒப்புட்டு என்கிற இனிப்புப் போளியுமாக அப்படியே செய்தோம்.

அன்று காக்கை வரவில்லை.

எங்கள் தோப்பில் காக்கைக்குப் பஞ்சமா? மற்ற நாளெல்லாம் சோற்றை வைக்கும் முன்பே மதில்மேல் வந்து நிற்கும். சுப்பாத்தாள் நாளில் ஒன்று கூட இறங்கவில்லை. தென்னை மட்டையில் உட்கார்ந்து பார்த்தன. கத்தவும் இல்லை. இலையில் சோறு காய்ந்தது. எங்கள் இல்லத்தில் எல்லோரையும் கவனித்துக்கொள்ளும் இஸ்மத் அக்கா, "அவிய மனசுல என்ன கொறையோ கண்ணு" என்றார். அடுத்த ஆண்டும் அப்படித்தான். அதற்கடுத்த ஆண்டும் அப்படித்தான். நான் படித்தவள், இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாதவள். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் தாய்மார்களே, காய்ந்த அந்த இலையை எடுக்க நான் போகவில்லை.

திருமூர்த்தியை ஒவ்வோர் ஆண்டும் நேரில் வரச் சொல்வேன். நேரில் வந்து பார்த்தவர்கள் மறுமுறை மனம் விட்டுக் கொடுப்பார்கள், அது எங்கள் தொழில் அனுபவம். "ஆகட்டுங்க, வாரேனுங்க" என்பார். வரமாட்டார். சென்ற ஆண்டு நான் விடவில்லை. "உங்க கையால மாலை போட்டாத்தாண்ணா அம்மா மனசு ஆறும், காக்கா கூட வரமாட்டேங்குது" என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு, "வாரேனுங்க" என்றார்.

வந்தார். நல்ல வெயில். உச்சிப்பொழுது. கூடத்தில் எல்லோரும் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் மாலை போட்டார். இலை வைத்தோம், விளக்கேற்றினோம். காக்கைக்கு வைத்துவிட்டு வாசலில் நின்று மதிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. திரும்பினோம்.

படத்துக்கு முன்னால், படையல் இலையில், ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவளை நாங்கள் அம்மணி என்று அழைப்போம். அவளுக்குப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. கிணத்துக்கடவு பேருந்து நிறுத்தத்தில் கிடந்தவள். பேன் பிடித்துப் புண்ணான தலையை மழித்து, அதற்குப் பிறகும் முடி சரியாக வளராதவள். எலும்பும் தோலுமாக இருப்பவள். சுப்பாத்தாள் நாளில் மட்டும் ஏனோ படத்துக்கு முதுகு காட்டி உட்காருவாள். இஸ்மத் அக்கா பதறிவிட்டார். "அம்மணி! அது செத்தவியளுக்கு வெச்ச இலை! எந்திரிங்க, எந்திரிங்க!" என்று கையைப் பிடித்தார். அம்மணி நிமிர்ந்து பார்த்தாள். வாயில் ஒப்புட்டு. நிதானமாகச் சொன்னாள்: "எனக்குத்தானே கண்ணு வெச்சிருக்குது?"

கூடம் அடங்கிப்போனது. இதோ இந்த மண்டபம் இப்போது அடங்கியிருக்கிறதே, அப்படி.

நான் திருமூர்த்தியைப் பார்த்தேன். ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாரா? இல்லை. கதறினாரா? இல்லை. ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி பின்னால் வைத்தார். முதுகு கதவில் முட்டியது. அம்மணி அவரைப் பார்த்துச் சிரித்தாள். "மூர்த்தி, தறி ஓடலையா சாமி? சத்தமே கேக்கல?" என்றாள்.

எண்ணிப் பாருங்கள்! மாலைக்குள் இருந்த முகமும் அவள்தான், மாலைக்கு முன்னால் இருந்த முகமும் அவள்தான். தன் நினைவுநாள் சோற்றைத் தானே தின்று உயிர் வளர்த்திருக்கிறாள் ஒருத்தி. மாதந்தோறும் அந்த மகன் கைப்பேசிக்கு நான் அனுப்பிய படங்களில் அவளும் இருந்தாள். முகத்தை நான்தான் மங்கலாக்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். பெற்ற தாயின் படத்தைப் பார்த்து, யாரோ பாவம் என்று உச்சுக்கொட்டியிருக்கிறார் பிள்ளை.

பின்வரிசையில் ஒரு தாய் கேட்கிறார், "அப்ப அவரு எரிச்சது யார?" என்று. அம்மா, அதைத்தானுங்க நானும் கேட்டேன்! மோட்டார் அறைப் பக்கம் அவரை அழைத்துப்போய்க் கேட்டேன். அவர் அனுமதியோடுதான் இதை இங்கே சொல்கிறேன்.

"ரெண்டு வருசம் தேடுனனுங்க. கோயிலு, பஸ் ஸ்டாண்டு, ஆசுபத்திரி, ஒண்ணு விடலீங்க. தறிய நிறுத்திப்போட்டுத் தேடுனனுங்க. ஊட்டுல ஒருத்தரும் ஒழுங்காத் தூங்கலீங்க. அன்னூர் ரோட்டோரம் ஒரு பொணம் கெடக்குது, வந்து பாருங்கன்னு போலீசுல கூப்பிட்டாங்க. மொகம் தெரியற நெலமைல இல்லீங்க. சேலை மட்டும் எங்கம்மா சேலையாட்டம் இருந்துச்சுங்க. கையப் பாத்தனுங்க. பச்சை குத்தியிருந்துச்சு. எங்கம்மாவுக்குப் பச்சையே கெடையாதுங்க." அவர் மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்துகொண்டார். "பாத்தனுங்க மேடம். பாத்துப்போட்டுத்தான், ஆமாங்க, எங்கம்மாதான்னு சொல்லிப்போட்டேன். தேடித் தேடி அலுத்துப்போச்சுங்க. முடிஞ்சாப் போதும்னு ஆயிப்போச்சுங்க."

சபிக்காதீர்கள் தாய்மார்களே! நானும் அன்று அவரைச் சபிக்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் தேடியவருக்குத்தான் தேடலின் பாரம் தெரியும். சூலூர் போலீசில் தேடல் மனுவை மூடினார்கள், அதனால்தான் பிறகு எங்களிடம் வந்த அம்மணியை யாரும் சுப்பாத்தாளோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அன்னூரில் அடையாளம் கிடைத்துவிட்டது என்று மூடினார்கள், அதனால் அந்தப் பிணத்துக்கு உரியவரை யாரும் தேடவில்லை. ஒரே ஒரு "ஆமாங்க" என்ற சொல்லில் இரண்டு பெண்கள் தொலைந்தார்கள்! இப்போது உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டார். சட்டம் தருவதை ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார். சுப்பாத்தாள் சூலூரில் இருக்கிறார், தறிச் சத்தத்துக்கு நடுவே. பாதி நாள் மகனைத் தெரிகிறது, பாதி நாள் தெரியவில்லை.

தாய் திரும்பிவிட்டார். மற்றவள்? யார் அவள்? எந்த ஊர்? எவர் வீட்டு விளக்கு? யார் அவளைப் பெற்றார்கள், யாரை அவள் பெற்றாள்? மஞ்சள் பூசி எந்த மணவறையில் உட்கார்ந்தாள்? எந்த அடுப்பில் வெந்தாள்? இந்த மண்ணில் எங்கோ ஒரு வீட்டில், அவள் வருவாள் என்று இன்றைக்கும் கதவைத் தாழிடாமல் படுக்கிறார்கள். எங்கோ ஒருவர், தூரத்தில் தெரியும் சேலையைப் பார்த்து இன்றைக்கும் பாதி வழி ஓடித் திரும்புகிறார். அவள் சாம்பலாகிப் பேரூர் ஆற்றில் கரைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது அவர்களுக்குத் தெரியாது! தெரியாது! தெரியவே தெரியாது!

இந்த ஆண்டும் அந்த நாள் வந்தது. திருமூர்த்தி வந்தார். "யாருன்னு தெரியாத அந்த அம்மாவுக்குப் படைக்கோணுங்க" என்றார். படம் இல்லை. வெறும் விளக்கு. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது, ஆகையால் வெறும் சோறும் தயிரும் வைத்தோம். மதிலில் வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் காக்கைகள் இறங்கின. ஒன்றிரண்டு அல்ல. மதில் கறுத்துப்போகும் அளவுக்கு இறங்கின. ஒன்றும் கத்தவில்லை. தின்றுவிட்டு, போகாமல், எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றன. இஸ்மத் அக்கா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவியளுக்குப் பசி மட்டுமில்ல கண்ணு. ஊட்டுக்குச் சொல்லியனுப்பச் சொல்றாங்க."

அன்றே முடிவெடுத்தேன். எந்த மேடை கிடைத்தாலும் சொல்வேன் என்று. அதிலும் அன்னூரிலிருந்து அழைப்பு வந்தபோது, அவள் கிடந்த சாலை இந்த ஊருக்கு வரும் சாலைதானே என்று, தேதி கூடக் கேட்காமல் சரி என்றேன். பணம் கேட்டே பழகிய வாய் இது. இன்று உங்களிடம் நான் கேட்பது நினைவு ஒன்றைத்தான். கேளுங்கள், திருமூர்த்தி கண்ணை மூடினால் அவர் கண்முன் வருவது அந்தப் பச்சைதான். வட்டமாக ஒரு கோலம். கோலத்தின் நடுவே ஒரு மயில். அந்த மயிலுக்கு ஒற்றைக் கால்தான் இருக்கிறது. குத்தியவர் மறந்தாரோ, வலி பொறுக்காமல் அந்தப் பெண் பாதியில் கையை இழுத்துக்கொண்டாளோ, இன்னொரு கால் இல்லை. ஒற்றைக்கால் மயில். அதைப் பார்த்த கண் இந்த மண்டபத்தில் இருக்கிறதா? அந்தக் கையால் சோறு வாங்கித் தின்றவர் யாராவது...

ஏனுங்க... அங்க யாருங்க எந்திரிச்சது? தம்பி, கொஞ்சம் நகருங்கள், அந்த ஐயாவுக்கு வழி விடுங்கள். பச்சைத் துண்டு போட்டவர். ஐயா, உட்கார வேண்டாம், பதற வேண்டாம், மெதுவாக வாருங்கள். தன் இடது கையை முழங்கைக்குக் கீழே இறுகப் பிடித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

தாய்மார்களே, எந்தக் கை என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. எந்த மேடையிலும் சொன்னதில்லை, வேண்டுமென்றே சொன்னதில்லை. இடது கைதான் ஐயா. முழங்கைக்குக் கீழேதான்.

ஐயா, கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். இனி அவர் வரமாட்டார். ஆனால் ஒன்று கேளுங்கள். உங்கள் வீட்டு அம்மா அனாதையாகப் போகவில்லை. முறைப்படி குளிப்பாட்டி, கோடி உடுத்தி, வாய்க்கரிசி போட்டு, கொள்ளி வைத்து, வருடா வருடம் இலை போட ஒரு பிள்ளை இருந்தான். அதோ, வாசல் தூணருகே வெள்ளைச் சட்டையில் நிற்கிறாரே, அவர்தான் திருமூர்த்தி. திருமூர்த்தியண்ணா, அங்கயே நிக்காதீங்க, ஐயா கையப் பிடிங்க.

தலைவர் அவர்களே, எனக்குக் கொடுத்த நேரம் இன்னும் இருக்கிறது. அதை அவர்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டு, ஒலிவாங்கியை அணைத்துவிட்டு இறங்குகிறேன். பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கு நன்றி. அந்த அம்மாவுக்கு என் வணக்கம்.