ஓர்னெல்லாவின் மணிக்கட்டு

மக்காச்சோளக் களி கிளறும்போது பேசிக்கொண்டிருக்கக் கூடாது, ஐயா, கட்டி தட்டிவிடும். நீங்கள் தெற்கு இத்தாலியிலிருந்து இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தவர், உங்களுக்கு அது ஒரு சாப்பாடாகவே தோன்றாது. எங்கள் வால் த்ரோம்பியாப் பள்ளத்தாக்கில் ஞாயிற்றுக்கிழமை என்றால் செம்புப் பானையில் அதுதான். என் மருமகள் ஓர்னெல்லா ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் கிளறுவாள், ஊர்க்கதையெல்லாம் பேசுவாள், அப்படியும் கட்டி தட்டாது. போன வருஷம் மணிக்கட்டு ஒடிந்த பிறகு அவளால் முடியவில்லை. பாதியிலேயே துடுப்பை என் பக்கம் நீட்டிவிடுவாள். "மாமா, கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று சிரிப்பாள்.

ஒடிந்தது எப்படி என்று கேட்பீர்கள். கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னோம். சொன்னவன் நான்தான். என் மகன் இவானோ பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான். முன்கோபக்காரன், ஆனால் கோபம் தணிந்துவிட்டால் பச்சைப்பிள்ளை. தாயில்லாமல் என் கைச் சாப்பாட்டில் வளர்ந்தவன். அதற்குப் பிறகும் ஓர்னெல்லா சில மாதம் அவனோடு இருந்து பார்த்தாள். அப்புறம் ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மலைமேல் இருக்கிற ஊரில் பூட்டிக் கிடந்த தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இவானோ என்னிடம் திரும்பி வந்தான்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் துப்பாக்கிப் பட்டறை இல்லாத தெரு கிடையாது. நான் பார்ப்பது சின்னக் கைத்துப்பாக்கிகள், சட்டைப் பைக்குள் போகிற அளவுள்ளவை. அதைச் சரிபண்ணுவது பெரிய தலைவலி. சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்க வேண்டும், அந்த இடத்துக்கு அடுத்த தோட்டா ஏற வேண்டும், எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள், ஒரு சுண்டுவிரல் அளவு இடத்துக்குள். எங்கேயோ ஒரு பிசிறு இருந்தால் போதும், சிக்கிக்கொண்டு நிற்கும்.

அப்படிச் சிக்கிக்கொண்ட ஒன்றைத்தான் ஓர்னெல்லா என்னிடம் கொண்டுவந்தாள். அவள் அப்பாவுடையது. அவர் போன பிறகு முறையாகத் தன் பெயருக்கு மாற்றி வாங்கியிருந்தாள்.

"ரெண்டு சுட்டா மூணாவது மாட்டிக்குது, மாமா. இதை நம்பி நான் எப்படி இருக்கறது?"

"உனக்கு எதுக்கும்மா இந்தச் சனியன்?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வேற பட்டறையில குடுத்தா சாயங்காலத்துக்குள்ள உங்க பிள்ளை காதுக்குப் போயிடும். உங்களைத்தான் நம்பறேன். அவருக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினேன்.

வேலையை நன்றாகவே செய்தேன், ஐயா. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தோட்டா ஏறிவருகிற சரிவில் சொரசொரப்பு இருந்தது, வழவழப்பாக்கினேன். கூட்டைப் பிடித்து இழுக்கிற கொக்கி தேய்ந்திருந்தது, புதிதாக ஒன்றைச் செய்து போட்டேன். பிறகு அவளையே பட்டறைக்குப் பின்னாலுள்ள சுடுகுழிக்குக் கூட்டிப்போய்ச் சுடச் சொன்னேன். ஒடிந்து கூடிய அந்தக் கையால்தான் சுட்டாள். ஒன்றுகூடச் சிக்கவில்லை. கூடுகள் அவள் தோளுக்கு மேலே அழகாகத் தெறித்து விழுந்தன. அவள் என்னைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "இன்னிக்காவது நிம்மதியாத் தூங்குவேன், மாமா" என்றாள்.

அதோடு போயிருக்கலாம். நான்தான் கேட்டேன்.

"அவன் வந்தா நிஜமாவே சுட்டுருவியா?"

துப்பாக்கியை என் கையில் கொடுத்தாள். "மொதல்ல கூரையைப் பார்த்து ஒண்ணு. அதுலயே போயிட்டார்னா நல்லது. எனக்கு அவரைக் கொல்லணும்னு இல்ல, மாமா."

"போகலேன்னா?"

"போகலேன்னா, வேற வழியில்ல."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். என் பிள்ளை அவள் வீட்டுச் சமையலறைத் தரையில் கிடப்பதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. என் கையால் சரிசெய்த துப்பாக்கி, என் கையால் வழவழப்பாக்கிய சரிவு.

"எண்ணெய் போட்டு வைக்கிறேன், நாளைக்கு வந்து வாங்கிக்கம்மா" என்றேன்.

அவள் போனதும் சுட்டதும் பின்னால் போகிற மேல்பாகத்தைத் திரும்ப முன்னுக்குத் தள்ளுகிற ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அதைவிட விறைப்பான ஒன்றைப் போட்டேன். குற்றம் என்று பார்த்தால் அவ்வளவுதான். அது மோசமான ஸ்பிரிங் இல்லை. பிடி உறுதியாக இருந்தால் எவ்வளவு சுட்டாலும் தாங்கும். பிடி தளர்ந்து, சுடும்போது துப்பாக்கியோடு சேர்ந்து கையும் பின்னால் போனால், மேல்பாகம் முழுதாகப் பின்னுக்கு வராது. கூடு வெளியே தெறிக்காமல் வெளியேறும் வாயிலேயே சிக்கி நின்றுவிடும். என் கையில் அது ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அவள் மணிக்கட்டு எனக்குத் தெரியும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையிலிருந்து துடுப்பை வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் வந்து வாங்கிக்கொண்டாள். திரும்பவும் சுட்டுப் பார்க்கவில்லை. நான் சரிபண்ணியதை யார் சோதித்துப் பார்ப்பார்கள்?

பிரெஷ்யாவிலிருந்து வந்த உங்கள் நிபுணரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் துப்பாக்கியை இரும்புப் பிடியில் பூட்டிச் சுட்டுப் பார்த்தார். பிறகு தன் கையாலும் சுட்டார், நல்ல தடித்த கை. ஒன்றும் சிக்கவில்லை. பழுது எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அது உண்மை. நான் வாயைத் திறக்காவிட்டால் என் மேல் ஒரு தூசியும் விழாது. அவள் சாவு ஊர்வலத்தில் பெட்டியைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். கல்லறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழாத ஆள் இல்லை. நானும் அழுதேன், நடிப்பில்லை. அவளை மகளாகத்தான் வைத்திருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பானையை இறக்கவே மனம் வருவதில்லை. அவள் பேச்சுச் சத்தம் இல்லாத என் சமையலறையில் நிற்க முடியவில்லை, ஐயா.

நான் யாரும் சாக வேண்டும் என்று செய்யவில்லை. யாரும் சாகக் கூடாது என்றுதான் செய்தேன். அவள் கூரையைச் சுடுவாள், சத்தம் கேட்டு அவன் ஓடிவிடுவான், அதோடு முடிந்துவிடும். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் ஓர்னெல்லாவுக்கு எதிர்வீட்டு தொமெனிகா பார்த்திருக்கிறாள். இவானோ அங்கே போனது சனிக்கிழமை மத்தியானம், ஜன்னல் திறந்திருந்தது. நீங்கள் அவளை விசாரித்தபோது நானும் வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தேன், அவள் சொன்னது என் காதில் விழுந்தது. "ஒரு வேட்டுச் சத்தம் கேட்டுச்சுங்க. ஓடிருவான்னு பார்த்தேன். ஓடல. அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்த மாதிரி நின்னான். அவ அந்தத் துப்பாக்கியைப் போட்டு இழுத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் மெதுவா நடந்துதான் உள்ள போனான்." மற்றதை உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள், நான் திரும்பச் சொல்ல மாட்டேன்.

அதே கேள்வியை இவானோவிடம் எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டீர்கள். துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து ஏன் நடந்து போனாய், உனக்குப் பயமில்லையா என்று. அவன் வாயே திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான். நல்ல பிள்ளை, நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

பதில் என்னிடம் இருக்கிறது. அவள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போன அன்று சாப்பிட உட்கார்ந்தோம். அவளைத் தெருவில் பார்த்திருக்கிறான்.

"ஓர்னெல்லா எதுக்குப்பா வந்தா?"

"துப்பாக்கி சரிபண்ண."

பிட்டு எடுத்த ரொட்டி கையிலேயே நின்றது. முகம் வெளுத்துவிட்டது. சின்ன வயதில் இடி இடித்தால் என் கட்டிலுக்கு ஓடிவருவானே, அதே முகம். எனக்குத் தாங்கவில்லை.

"பயப்படாதடா" என்றேன். "மொதல் குண்டை அவ கூரையைப் பார்த்துத்தான் சுடுவா. அதுக்கு மேல அவ கையில வெடிக்காது."

பிறகு ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு, களி இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். பானையைச் சுரண்டி வைத்தேன், நன்றாகச் சாப்பிட்டான். அவன் பயப்படக் கூடாதே என்றுதான் சொன்னேன், ஐயா. வேறு எதற்காகவும் இல்லை.