கப்டனின் குருட்டுக் கண்

சிட்னியின் பென்டில் ஹில்லில் ரயில் ஏறியதும் என் மாத்திரைகளை மூன்றாம் முறையாக எண்ணத் தொடங்கினேன். முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்து இளைஞர்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று சொன்னான்:

“மச்சான், கப்டனுக்கு இப்ப ரெண்டு கண்ணும் குருடு!”

யாரோ நோயாளி என்று பதறினேன். விண்கப்பல் தொடர் ஒன்றின் கதாநாயகனாம்.

“மூண்டாம் பாகத்தில இடது கண் இல்லை. அஞ்சாம் பாகத்தில வலது கண் இல்லை. இன்ரநெற் முழுக்க இதுதான் சண்டை.”

“எழுதினவன் மறந்திருப்பான்,” என்றான் மற்றவன்.

“ஐயோ, அப்பிடிச் சொன்னவனை ரசிகர் குழுவை விட்டே கலைச்சுப்போட்டாங்கள்! அஞ்சாம் பாகத்தில நாங்கள் பாக்கிறது கண்ணாடியில தெரியிற உருவமாம். இல்லாட்டி அது கப்டனின்ர இரட்டைச் சகோதரனாம். இதுவரைக்கும் பதினாலு விளக்கம் வந்திட்டுது.”

எனக்கும் ஒன்று தோன்றியது. பதினைந்து.

“அதை விடு. நாளைக்கு அகதி விசா இன்ரவியூ எல்லோ உனக்கு? என்ன சொல்லப் போறாய்?” என்று கைப்பேசிக்காரனே கேட்டான்.

“அதுதான் யோசினை. ஊரில ஆமி என்னைப் பிடிச்சுக்கொண்டு போனது காலமை எண்டு முதல் சொன்னனான். ரெண்டாந்தரம் கேக்கேக்க பின்னேரம் எண்டிட்டன். இப்ப முழுக்கதையும் பொய்யெண்டு நினைக்கினம்.”

“உண்மையில எப்ப?”

“அந்தப் பயத்தில ஆரடா நேரம் பாத்தது?”

வெஸ்ட்மீட் வந்தது. நான் இறங்க எழுந்தபோது மற்றவன் நண்பனின் கைப்பேசியைச் சுட்டிக்காட்டினான்.

“உன்ர ஆக்களிட்ட ஒருக்காக் கேள் மச்சான். கப்டனுக்குப் பதினாலு விளக்கம் குடுத்தவை, எனக்கு ஒண்டு தரமாட்டினமோ?”