ஃபர்ஸ்ட் கிரேடு நண்டு

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்து. மாதனூர் தாண்டியதும், எனக்கு முன்சீட்டில் ஷூ கம்பெனி அட்டையைக் கழுத்தில் போட்டிருந்த இரண்டு பெண்களில் சின்னவள் ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுக்காரரு நண்டை அமுக்கி அமுக்கிப் பாத்து வாங்கினாருக்கா."

"நண்டை இன்னாத்துக்குடி அமுக்கணும்?"

"டேனரில தோலுக்கு கிரேடு போடறவராச்சே. எது மெத்துனு இருக்குதோ அதான் ஒசத்தியாம். மீன்கார அம்மா வேணாம்னு சொல்லியும் கேக்கல. புது மாப்பிள்ளைக்கு விருந்து வேற."

"அடிப்பாவி. மெத்துனு இருந்தா, அது பழைய ஓட்டைக் கழட்டிப் போட்ட நண்டு. தண்ணியக் குடிச்சு உப்பிக்கினு கெடக்கும். புது ஓடு கெட்டியாவற வரைக்கும் உள்ள சதையே தேறாது."

"அதான் ஆச்சு. மாப்பிள்ளை பிட்டாரு, எலை பூரா தண்ணி. சம்பந்தியம்மா என்னையே பாக்கறாங்க. பேஜாராப் போச்சு."

"உங்க வீட்டுக்காரரு இன்னா சொன்னாரு?"

மனிதர் கொஞ்சமாவது வெட்கப்பட்டிருப்பார் என்று நினைத்தேன்.

"'இருபது வருசமா எங்க டேனரில சதையைச் செரண்டிக் குப்பைலதான் போடறோம். தோல்ல எதுனா கொற இருந்தா சொல்லு'ன்றாரு."