சமன்பாட்டில் வெட்டிய உறுப்பு

மரவள்ளி மாவுக்குள் மின்காந்த அலை புகும் வழியைக் கணக்கால் கண்டவரே! கரும்பலகை நிறையக் குறிகள் எழுதியும் கடுகளவும் கர்வம் கொள்ளாதவரே! மோகனூர்ப் பேருந்தில் முப்பத்து மூன்று ஆண்டு வந்துபோய் எங்கள் கணிதத்துறையைக் காத்து இன்று பணி நிறைவு பெறும் பேராசிரியர் வசந்தாமணி அம்மையீர், வணக்கம்!

இவ்வளவு வரைக்கும் துறைத்தலைவர் ஜெகதீஸ்வரன் சரளமாகத்தான் எழுதினார். 'பொறுமையின் பெட்டகமே' என்ற அடுத்த வரியில் கை நின்றுவிட்டது. அந்தப் பொறுமையைப் பாடாய்ப் படுத்தியவரே அவர்தானே! மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொன்னதையே சபையறிய வாசிக்கிறோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஜவ்வரிசி ஆலை ஒன்றுக்காக, மாவை நுண்ணலையால் உலர்த்தும் கணக்கைப் போட்டீர்கள். மாவுருண்டை மேலே காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். ஆகவே அலை எப்படிப் பரவும் என்பதைத் தீர்மானிக்கும் விடுதிறன் இடத்துக்கு இடம் மாறும். அந்த மாற்றத்துக்கென்றே தங்கள் சமன்பாட்டில் தனியே ஓர் உறுப்பு இருந்தது.

"இது எதுக்குங்க மேடம்? மாறிலின்னு வெளிய எடுத்துட்டா முடிஞ்சுதுங்களே" என்றார் ஜெகதீஸ்வரன்.

"ஏனுங்க சார், உள்ள போகப் போக மாறுதுங்களே. மாறுறதைப் போயி எப்புடிங்க மாறிலிங்கறது?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்த வாரம் தங்கள் தாயார் காலமானார். அந்தக் கணக்கை விளக்கும் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் வேலையை அவரை நம்பி ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனீர்கள். சமன்பாடு பக்கத்தின் அகலத்துக்குள் அடங்கவில்லை. சின்ன உறுப்புதானே என்று வெட்டி எறிந்தார். துக்க வீட்டுக்கு வந்து தாயார் படத்துக்கு மாலை போட்டவர், அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இதழில் வந்த அந்தக் கணக்கை நம்பி ஆலை உலர்த்திய மாவு நடுவில் கருகிப் போனது. கல்விக்குழு கூடி, "யாருடைய சமன்பாடு?" என்று கேட்டது. "மேடத்தோடதுங்க" என்றார் அவர். வெட்டியவர் யார் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்தே இருந்தார்.

தாங்களோ, "பேரு என்னுதுதானுங்க போட்டிருக்குது. நாந்தான் பாத்திருக்கோணும்" என்று எழுந்து போனீர்கள். அதுவரை தாங்கள் வகித்த துறைத்தலைவர் பதவி அவருக்குப் போனது. நாங்களாவது கேட்டோமா? துக்கத்தில் கவனம் தப்பியிருக்கும் என்று டீ குடித்தபடி பேசினோம். ஐயோ, எவ்வளவு சுலபமாக நம்பிவிட்டோம்!

இன்று காலை, அந்த உறுப்பை வெட்டியது தான்தான் என்று முதல்வருக்கும் இதழுக்கும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார் ஜெகதீஸ்வரன். தலைவர் பதவியையும் விட்டு விலகினார். மன்னிப்புக் கேட்க அவருக்கு முகமில்லை. அதோ, கடைசி வரிசையில் நிற்கிறார்.

அம்மையீர்! தாங்கள் நோய்நொடி அண்டாமல், நினைத்த நேரம் தூங்கி, நினைத்த கணக்கைப் போட்டு, நெடுங்காலம் நிறைவாய் வாழ்க!

பாராட்டு மடலைச் சட்டம் போட்டுக் கையில் தருவது வழக்கம். இதைத் தரமாட்டோம். எங்கள் வெட்கத்தைத் தாங்கள் ஏன் வீட்டுக்குச் சுமந்து போக வேண்டும்? துறைத்தலைவர் இருக்கைக்கு நேர் எதிரே, இனி எவர் வந்து உட்கார்ந்தாலும் கண்ணில் படும்படி, இங்கேயே மாட்டுகிறோம்.

எழுதத் தொடங்கியவர்: ஜெகதீஸ்வரன்
எழுதி முடித்து உடன் தலைகுனிவோர்: சபரிநாதன், உஷாராணி மற்றும் கணிதத்துறையினர்